சதாசிவம் வீட்டு வேன் காத்தாடி

“அந்தக் காத்தாடிக்கே ஒரு தாலியக் கட்டி, அதுகூடவே குடும்பம் நடத்துங்க! என்னைய விட்டுருங்க!”

“ஏன் ரோட்டுல நின்னு கத்துற? உள்ள வந்து பேசு தேவி.”

“எந்த உள்ள? வீட்டுக்கு உள்ளயா, இந்தத் தகர டப்பாவுக்கு உள்ளயா?”

“வேனுன்னு சொல்லு.”

“வேனா இது? ரொட்டி ஏத்துன வண்டி. வெயில் ஏறுனா இன்னும் பன்னு வாசம் அடிக்குது. அதுக்குள்ள என்னையும் போட்டு அவிக்கப் பாக்குறீங்களா?”

தாமான் மெலூரில் சனிக்கிழமை காலை என்றால் எல்லாரும் பாசாருக்கு ஓடுகிற நேரம். அன்றைக்கு மட்டும் யாருக்கும் அவசரம் இல்லை. மீன் வாங்கப் புறப்பட்டவர்கள் கேட்டருகே நின்று கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். வாசல் கூட்டியவர்கள் கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினார்கள். எதிர்வரிசையில் கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது காற்றுக்காகத்தான். வேறு எதற்கும் இல்லை.

தாமான், அதாவது குடியிருப்பு, என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, இது பழைய ரப்பர் தோட்டம். பத்து காஜாவிலிருந்து ஈப்போ போகிற வழியில் இருக்கிறது. மரத்தைச் சாய்த்து தொழிலாளிகளின் லயத்தை இடித்து வரிசை வீடு கட்டினார்கள். அப்போது பலகைச் சுவர், இப்போது கல் சுவர். ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்பதில் மட்டும் எந்த மாற்றமும் வரவில்லை.

“நாளைக்கு ஈப்போ தவுக்கே வாராரு,” என்றாள் கலாதேவி, வேனை விலை பேசியிருந்த சீன முதலாளியைச் சொல்லி, குரலைக் கொஞ்சமும் இறக்காமல். “வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி அதுல மீ கோரேங் விக்கட்டும், கோப்பி விக்கட்டும். எனக்கு நிம்மதி.”

“நாளைக்குத்தானே வாராரு? இன்னைக்கு நம்ம புள்ள தினேஸ் வாரா. பக்கத்து வீட்டு அலெக்ஸுக்கும் லீவு. இன்னைக்கு ஒரு நாள் குடு. சரி பண்ணிக் காட்டுறேன். அதுல ஒரு தடவ, கதவச் சாத்திட்டு, ஒழுங்காப் படுத்துப் பாரு. அப்பறமும் வேணான்னு சொன்னா நானே சாவிய எடுத்து அவரு கையில குடுத்துருறேன்.”

“சத்தமும் வரக்கூடாது, நிக்கவும் கூடாது. ரெண்டுல ஒன்னு ஆச்சு, வண்டி போயிரும்.”

“சரி.”

“சத்தியமா?”

“சத்தியமாலா!”

இப்படியாக ஒரு வேனின் தலைவிதி நடுரோட்டில் முடிவாயிற்று. நாங்களும் மீன் வாங்கப் போனோம். நல்ல கெம்போங் மீன் எல்லாம் அதற்குள் விற்றுத் தீர்ந்திருந்தது.

சதாசிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனுசன் வேலை செய்த காலமெல்லாம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். இருட்டோடு எழுந்து போய்ப் பெண்களை ஏற்றி இறக்கி, நைட் ஷிப்ட் முடித்தவர்களைக் கொண்டுவந்து விட்டு, பகலில் மர நிழலில் பஸ்ஸிலேயே படுத்துத் தூங்கி, மறுபடி ஒரு ஷிப்டை ஏற்றி இறக்கி, ஊர் அடங்கிய பிறகு வீட்டுக்கு வருவார். கலாதேவி ரப்பர் கையுறை செய்கிற தொழிற்சாலையில் இருந்தாள். அச்சிலிருந்து கையுறையை உருவுகிற வேலை. சூடு, மருந்து வாடை, மாவுத்தூள். அதுவும் நைட் ஷிப்டு. சம்பளத்தோடு அவளுக்குக் கிடைத்தது மூச்சு இழுப்பு. காற்று ஓடாத இடத்தில் அவளால் நிற்க முடியாது. மருத்துவமனை லிஃப்டில் ஏற மாட்டாள், படியேறித்தான் போவாள். கல்யாண மண்டபத்தில் கதவோரம்தான் உட்காருவாள், அதனால் சாப்பாட்டுப் பந்தியில் எப்போதும் முதல் ஆள். அதையும் சிலர் தப்பாகப் பேசினார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சதாசிவம் இந்த வேனை வாங்கினார். பின்பக்கம் பலகை அடித்து, கட்டில் போட்டு, சின்ன கேஸ் அடுப்பு வைத்து, தண்ணீர்த் தொட்டி மாட்டி, பெர்லிஸ் தொடங்கி ஜொகூர் வரைக்கும் பொண்டாட்டியோடு சுற்றப் போவதாக எல்லாரிடமும் சொன்னார். தோட்டத்துப் பிள்ளை, பஸ்ஸில் ஊரையே ஏற்றி இறக்கியவர், தன் குடும்பத்தை ஒரு கடற்கரைக்குக்கூடக் கூட்டிப் போனதில்லை. அந்தக் குறை அவருக்கு இருந்தது. கலாதேவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “காத்து ஓடணும். இல்லாட்டி நான் ஏற மாட்டேன்.”

அதற்காக வந்ததுதான் அந்தக் காத்தாடி. கூரையில் சதுரமாக ஓட்டை வெட்டி மாட்டுகிற சாமான். மேலே பிளாஸ்டிக் மூடி, அதைத் தூக்க ஒரு கைப்பிடி, கீழே வலை, நடுவில் விசிறி. உள்ளே இருக்கிற வெக்கையை உறிஞ்சி வெளியே தள்ளும். கட்டிலுக்கு அடியில் தனி பேட்டரி. அவர் கூரையில் ரம்பம் வைத்த அன்றைக்கு வரிசையே திரண்டு நின்று பார்த்தது. நல்ல வண்டியில் ஓட்டை போடுகிறவனைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூஜை போட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் காட்டி, கலாதேவி ஸ்டியரிங், கதவு, அடுப்பு, காத்தாடி என்று எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். காத்தாடி அப்போது சத்தமில்லாமல் சுற்றியது. எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்து, “அடேயப்பா, நல்லா இழுக்குதே,” என்றோம்.

பிறகு தொடங்கியது. முதலில் டிக் டிக் என்று பல்லி சொல்வது போல. போகப் போக டக்கடக்க டக்கடக்க. அதிகமாகத் திருகினால் மூடி, வலை, கூரை எல்லாம் சேர்ந்து ஆடும். பக்கத்து வீட்டு எல்ஸி, “அண்ணே, உள்ள மாவு மில்லு வச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள். அது போதாதென்று, நினைத்தால் நிற்கும், நினைத்தால் ஓடும்.

சதாசிவம் பேட்டரியை மாற்றினார். ஸ்குரூவை இறுக்கினார். மூடிக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தார். எதுவும் ஆகவில்லை என்றதும் மோட்டாருக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். சத்தம் குறையவில்லை, எறும்பு வந்தது. அடுத்த முறை சுவிட்சைத் தட்டியபோது கட்டிலில் படுத்திருந்த கலாதேவி மேல் எறும்பு மழை பெய்தது.

எல்ஸியின் வீட்டுக்காரர் அலெக்சாண்டர் ஏர்கோன் மெக்கானிக். அவர் கழற்றித் துடைத்து, மருந்து அடித்து, “பேரிங் போயிருச்சுண்ணே,” என்றார். ஏர்கோனோ, கிரைண்டரோ, மனுசனின் முழங்காலோ, அவருக்கு எல்லாமே பேரிங்தான்.

இந்த லட்சணத்தோடு தெலுக் பாத்தேக் கடற்கரைக்கு வெள்ளோட்டம் போனார்கள். போய்ச் சேர்ந்து, கதவைச் சாத்திப் படுத்ததும் காத்தாடி நின்றுவிட்டது. கலாதேவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி மணலில் உட்கார்ந்தவள், மறுபடி உள்ளே வரவே இல்லை. திரும்பும்போது முன்சீட்டில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம்தான் ஈப்போ தவுக்கேயின் பெயர் அடிபடத் தொடங்கியது.

மகள் தினேஸ்வரி அந்தச் சனிக்கிழமையே பத்து காஜா ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். தஞ்சோங் மாலிம் பக்கத்துக் கார் தொழிற்சாலையில் வேலை. செய்து முடித்த காரில் ஏறி உட்கார்ந்து, எங்கேயாவது கடகடக்கிறதா, கிறீச்சிடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்த வரிசையில் பல பேர் சம்பளம் இல்லாமல் செய்கிற வேலைதான்.

பையைக்கூட உள்ளே வைக்காமல், அம்மா வாங்கிவைத்திருந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, வேன் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே விசாரித்தாள். அலெக்சாண்டர் டூல்பாக்ஸோடு வந்து நின்றார். எல்ஸி ஒரு ஜக்கில் கோப்பி கொண்டுவந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள்.

“சத்தம் வேற, நிக்கிறது வேற அப்பா. ரெண்டையும் ஒரே வியாதின்னு நெனச்சா ரெண்டும் தீராது. மொதல்ல சத்தம். எப்ப ஜாஸ்தி?”

“எப்பவும்தான்.”

“எப்பவும்னா? வண்டி ஓடறப்பயா, நிக்கிறப்பயா?”

“நிக்கிறப்பயும். ஆனா…” சதாசிவம் தலையைச் சொறிந்தார். “சொன்னா சிரிப்பீங்க. சனிக்கிழமையில ரொம்ப மோசம்.”

அலெக்சாண்டர் சிரித்தே விட்டார். “என்னாண்ணே, காத்தாடிக்கு காலண்டரு தெரியுமா?”

“சொன்னேன்ல, சிரிப்பீங்கன்னு. வெள்ளிக்கிழம மத்தியானம் வரைக்கும் ஒரு மாதிரி ஓடும். சனிக்கிழம காலையில போட்டா சத்தம் ஏறியிருக்கும். வாரா வாரம் இப்டித்தான்.”

“சனி பகவான்லா,” என்றாள் எல்ஸி. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் எங்கள் கிரகங்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

தினேஸ்வரி சிரிக்கவில்லை. சம்பல் ஒட்டிய விரலை நக்கிவிட்டு, “போடுங்க,” என்றாள். காத்தாடி டக்கடக்க என்று தொடங்கியது. கண்ணை மூடிக் கேட்டாள். வேகத்தைக் கூட்டச் சொன்னாள், குறைக்கச் சொன்னாள். “பேரிங் போனா ஒரே மாதிரி அரையும் அங்கிள். இது அரையல, ஆடுது. ஒரு பக்கம் கனம். சுத்துறப்ப தூக்கித் தூக்கிப் போடுது. நீங்க தொடச்சப்ப விசிறி இலை எல்லாத்தையும் தொடச்சீங்களா?”

“எல்லாம் தொடச்சேன். தூசி, எண்ணெய், செத்த எறும்பு. பளபளன்னு ஆக்கிட்டேன்.”

“எல்லா இலையுமா?”

“எல்லாம்தான்மா. அந்தப் பொட்டு வச்ச இலைய மட்டும் விட்டுட்டேன்.”

“எந்தப் பொட்டு?”

“சந்தனம்லா. கட்டியா இருந்துச்சு. சாமி விசயம், நான் வேற வேதக்காரன், கழட்டி எடுத்தா அக்கா மனசு கஷ்டப்படும்னு சுத்திவர மட்டும் தொடச்சிட்டு விட்டுட்டேன். மூனு தடவயும் அப்டித்தான் செஞ்சேன்.”

வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஓர் அடி நெருங்கி நின்றோம். சதாசிவம் ஸ்டூலில் ஏறி வலையைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எல்லா இலையும் வெள்ளைவெளேரென்று இருக்க, ஒரே ஒரு இலையின் நுனியில் மட்டும் சந்தனம் பாறை போல் ஏறி உட்கார்ந்திருந்தது. மேலே மேலே அப்பி, காய்ந்து, வெடித்து, நடுவில் குங்குமத்தோடு ஒரு சின்ன நெல்லிக்காய் பருமன் இருக்கும். மற்ற இலைகளை அலெக்சாண்டர் சுத்தம் செய்யச் செய்ய, இந்த இலை இன்னும் கனத்துப் போயிருந்தது.

“அம்மா,” என்று கூப்பிட்டாள் தினேஸ்வரி. “இங்க வாங்க கொஞ்சம்.”

கலாதேவி கையில் கரண்டியோடு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். அலெக்சாண்டர் பேனாக்கத்தியை எடுத்தார்.

“அய்யய்யோ, அதத் தொடாதீங்க அலெக்ஸ்! பொட்டு!”

“வாரா வாரம் வச்சீங்களாம்மா?”

“வெள்ளிக்கிழம வெளக்கேத்துறப்ப வண்டிக்கும் சாம்பிராணி காட்டி, இந்த வலையக் கழட்டி ஒரு பொட்டு வைப்பேன். இதுல என்னா தப்பு? நல்லா ஓடணும்னுதானே வச்சேன்?”

“அப்ப எல்லா இலையிலயும் வச்சிருக்கணும்லா. ஒன்னுல மட்டும் ஏன் வச்சீங்க?”

கலாதேவி மகளை ஒரு பார்வை பார்த்தாள். படித்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை. “காத்தாடிக்கு எத்தன நெத்தி இருக்கும்? ஒரு நெத்திதானே?”

அதற்குத் தொழிற்சாலையில் எந்தப் பயிற்சியிலும் பதில் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். எல்ஸி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கலாமா கூடாதா என்று அலெக்சாண்டர் சதாசிவத்தைப் பார்த்தார். சதாசிவம்தான் பாவம், அத்தனை மாதம் மோட்டாரைத் திட்டியவர், பேட்டரியைத் திட்டியவர், தன் கையைத் தானே திட்டிக்கொண்டவர், இப்போது வெற்றியை எப்படி அனுபவிப்பது என்று தெரியாமல் ஸ்டூல் மேல் நின்றார்.

“சரி, நீயே எடு தேவி,” என்றார் கடைசியில். “அலெக்ஸ் தொட வேணாம். நான் ஸ்டூல புடிச்சிக்கிறேன்.”

அவள் ஏறினாள். சாமியை மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டி எடுத்தாள். எடுத்ததை ரோட்டில் போடாமல் துளசித்தொட்டியில் கொண்டுபோய்க் கரைத்தாள். வலையை மாட்டிச் சுவிட்சைத் தட்டினார்கள். ஹூம் என்று ஒரு மூச்சு. அவ்வளவுதான். ஓடுகிறதா என்று சந்தேகம் வந்து எல்ஸி ஒரு டிஷ்யூ பேப்பரைத் தூக்கிப் பிடித்தாள், அது மேலே போய் வலையில் ஒட்டிக்கொண்டது.

“ஆக,” என்றார் சதாசிவம் மெதுவாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “பழுது வண்டியில இல்ல.”

சொல்லிவிட்டுப் பெருமையாகப் பின்கதவைப் பட்டென்று சாத்தினார். காத்தாடி நின்றுவிட்டது.

அவர் கதவைத் திறந்து மறுபடி பட்டென்று சாத்தினார். காத்தாடி ஓடியது. இன்னொரு தடவை. நின்றது.

“கதவு அடிச்சா ஓடுது, கதவு அடிச்சா நிக்குது,” என்றாள் தினேஸ்வரி. “ஒயர் எங்கயோ சரியாப் புடிக்கல.”

அலெக்சாண்டர் சோதனை விளக்கோடு கட்டிலுக்கு அடியில் புகுந்தார். பேட்டரியிலிருந்து ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். அவர் கால் மட்டும் வெளியே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. “அண்ணே, இந்த எர்த் ஒயர பாடியில முடுக்குனது யாரு?”

“நான்தான்.”

“பெயிண்ட சொரண்டிட்டு முடுக்குனீங்களா, பெயிண்டு மேலயே முடுக்குனீங்களா?”

சதாசிவம் ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்தார். அந்த வேனின் உள்பக்கம் முழுக்க ஊதா வண்ணம் அடித்தது அவர். ஒரு கோட்டு போதாது என்று அதன் மேல் இன்னொன்று அடித்தார். தோட்டத்தில் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்த குடும்பம், ஒரு மூலையை விட மாட்டார்கள். இரும்பு தெரிந்தால் துரு ஏறும் என்று போல்ட் போடுகிற இடத்தையும் பூசிவிட்டு, காய்ந்த பிறகு ஒயரை முடுக்கியிருக்கிறார். பெயிண்டுக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன கவலை? வண்டி குலுங்கினால் போல்ட் இரும்பில் உரசும், ஓடும். இன்னொரு குலுங்கலில் விலகும், நிற்கும்.

கலாதேவி இடுப்பில் கை வைத்தாள். இதற்காகவே பிறவி எடுத்தவள் போல் நின்றாள்.

“பொட்டு நான் வச்சேன். பெயிண்ட யாரு வச்சா?”

வேலிக்கு இந்தப் பக்கம் கைத்தட்டல்கூட எழுந்திருக்கும். அடக்கிக்கொண்டோம்.

சதாசிவமே சாண்ட் பேப்பர் எடுத்து உட்கார்ந்து, இரும்பு மினுங்கும் வரை தேய்த்தார். பல் வைத்த வாஷர் போட்டு அலெக்சாண்டர் முடுக்கினார். பின்கதவை, பக்கக் கதவை, முன்கதவை மாற்றி மாற்றி அடித்தார்கள். அலெக்சாண்டர் பின்பம்பரில் ஏறிக் குதித்தார். காத்தாடி அசையவில்லை, அதாவது ஓடிக்கொண்டே இருந்தது. கலாதேவி போட்ட இரண்டு நிபந்தனையும் நிறைவேறிவிட்டது.

“அப்ப,” என்றார் சதாசிவம், “மத்தியானம் சாப்டுட்டு வந்து படுத்துப் பாக்குறியா?”

“மீன் கொழம்பு அடுப்புல இருக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. துணி மடித்தாள், கச்சாங் கடலை உடைத்தாள், ஜன்னல் கம்பியைத் துடைத்தாள். வேன் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, காத்தாடியை ஓடவிட்டு, சதாசிவம் படியிலேயே உட்கார்ந்திருந்தார். தினேஸ்வரி இரண்டு தடவை அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்து, மூன்றாம் தடவை விட்டுவிட்டாள்.

விஷயம் பின்சந்தில்தான் வெளிவந்தது. எங்கள் வரிசை வீடுகளின் சமையல்கட்டு எல்லாம் ஒரே பின்சந்தைப் பார்த்தவை. அங்கே பேசினால் ரேடியோவில் பேசுவது போல. எல்ஸி கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“இன்னும் என்னாக்கா? அதான் சரியாயிருச்சே.”

“சரியாயிருச்சு.”

“பின்ன ஏறிப் படுக்க வேண்டியதுதானே? அண்ணன் பாவம், பஸ் ஸ்டாண்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்காரு.”

கலாதேவி குழாயை மூடினாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள், தாழ்ந்த குரல் என்றால் இரண்டு வீட்டுக்குத்தான் கேட்கும்.

“எல்ஸி, நான் நைட் ஷிப்டு, அவரு பஸ்ஸு. நான் வரையில அவரு போயிருப்பாரு, அவரு வரையில நான் போயிருப்பேன். அடுப்புல சாப்பாட்ட மூடி வச்சிட்டுப் போவேன், திரும்ப வந்தா கழுவுன தட்டு இருக்கும். அப்டியே காலம் போயிருச்சு. சண்ட போடறதுக்கே லீவு நாளு வேணும் எங்களுக்கு.”

“சரி, அதுக்கு?”

“தெலுக் பாத்தேக்குல அந்தக் காத்தாடி நின்னுச்சுல்ல? அது வரைக்கும் அந்த டக்கடக்க சத்தம் இருந்துச்சு, திட்டிக்கிட்டு இருந்தேன். நின்ன ஒடனே ஒரே அமைதி. பக்கத்துல ஒரு ஆம்பள மூச்சு விடுறாரு. என்னா பேசறதுன்னு தெரியல. அவருக்கும் தெரியல. அப்பதான் எனக்கு நெஞ்சு அடச்சிச்சு. காத்து இல்லாமயா, வேற என்னாவான்னு எனக்கே தெரியல போ.”

எல்ஸி கீரையை நறுக்கென்று ஒடித்தாள். “நானும் அலெக்ஸும் தெனம் பேசிப் பேசி பேச்சே தீந்து போச்சு. உங்களுக்கு ஒரு மூட்ட அப்டியே பிரிக்காம இருக்கு. குடுத்து வச்சவங்கலா நீங்க.”

“வெளையாடாத.”

“வெளையாடலக்கா. நாளைக்கு தவுக்கே வந்துட்டா, அப்பறம் இந்த வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் என்னா பண்ணுவீங்க? அவரு ஹால்ல, நீங்க கிச்சன்ல. அதான?”

கலாதேவி மறுபடி குழாயைத் திறந்தாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை.

ஞாயிறு காலையிலிருந்தே புழுக்கம். கின்தா பக்கம் மலைக்கு மேல் மேகம் கருத்து நின்றது. அவள் ஏறிப் படுக்காததே வேணாம் என்கிற பதில்தான் என்று சதாசிவம் எடுத்துக்கொண்டார், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். வேனைக் கழுவித் துடைத்து, கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தி, உள்ளே இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார். பாய், பானை, மடக்கு நாற்காலி. தினேஸ்வரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வாங்கி வாங்கி அடுக்கினாள். தன் தலையணையையும் தோசைக்கல்லையும் யாரும் தொடக்கூடாது என்று கலாதேவி தானே எடுக்க வேனுக்குள் ஏறினாள். சதாசிவம் உள்ளே அடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

தவுக்கேயின் கார் மூலையில் திரும்பியது. அதே நேரம் மழை வந்தது.

பேராக் மழையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூறல், சாரல் என்கிற மரியாதை எல்லாம் கிடையாது. வானத்தை அப்படியே கவிழ்த்துவிடும். தினேஸ்வரி வீட்டுக்குள் ஓடினாள். உள்ளேயிருந்து ஒரு கை வேனின் பக்கக் கதவை இழுத்துச் சாத்தியது. மேலே காத்தாடி மூடி மெல்ல இறங்கி மூடிக்கொண்டது, இல்லாவிட்டால் கட்டில் நனைந்துவிடும். மூடி இறங்கினால் காத்தாடியையும் நிறுத்த வேண்டும். ஆக, கதவு சாத்தி, மூடி சாத்தி, காற்று நின்று, அந்தத் தகர டப்பாவுக்குள் புருசனும் பொண்டாட்டியும்.

இரண்டு வரிசையிலும் எல்லாரும் ஜன்னலில் நின்றோம். இப்போது ஓடி வருவாள், மழையாவது ஒன்றாவது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவாள் என்று பார்த்தோம். வாசலில் தினேஸ்வரி குடையை விரித்துப் பிடித்தபடி தயாராக நின்றாள். தவுக்கே கார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

யாரும் வரவில்லை. இத்தனை வருடமாக அந்த வீட்டில் நடந்தது எல்லாம் காதில் விழுந்திருக்கிறது, சோற்றுக்கு உப்பு போதாதது முதற்கொண்டு. விழ வேண்டிய ஒரே பேச்சு அன்றைக்குத்தான், அந்த மழை தகரத்தில் அடித்த அடியில் ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை.

மழை ஓய்ந்து சாக்கடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் மிச்சமானபோது, முதலில் மேலே மூடி திறந்தது. பிறகு பக்கக் கதவு. கலாதேவி இறங்கினாள். முகத்தில் வியர்வை. மூச்சு கொஞ்சம் வாங்கியது, ஆனால் நிதானமாக நடந்து தவுக்கேயின் கார் ஜன்னலுக்குப் போனாள். கையில் தலையணையும் இல்லை, தோசைக்கல்லும் இல்லை.

“தவுக்கே, மாஃப் லா. தா ஜாடி ஜுவால்.” விற்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

“ஐயோ, அம்மா! கெனாபா?” ஏன் என்று கேட்டார் அவர். ஈப்போவிலிருந்து வந்த மனுசன், மழையில் வேறு உட்கார்ந்திருந்தவர்.

ஏன் என்பதற்கு அவளிடம் மலாயில் வார்த்தை இல்லை. தமிழிலும் இருந்ததா தெரியவில்லை. “மாசோக், மினும் கோப்பி,” என்று கோப்பி குடிக்க உள்ளே கூப்பிட்டு, சுடச்சுட வாழைப்பழம் பொரித்துக் கொடுத்தாள். அவரும் சாப்பிட்டார். போகும்போது வேனின் கூரையைப் பார்த்து, காத்தாடி மட்டுமாவது விற்கிறார்களா என்று கேட்டார். சதாசிவம் கேட்டைச் சாத்தினார்.

எல்ஸி விடுவாளா? திங்கட்கிழமை பின்சந்தில் மடக்கினாள். “உள்ள என்னாக்கா பேசுனீங்க?”

“ஒன்னும் பேசல.”

“பொய் சொல்லாதீங்க.”

“சத்தியமா. அவரு மழையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் அவரப் பாத்துக்கிட்டு இருந்தேன். காதுல முடி எல்லாம் நரச்சிருக்கு எல்ஸி. எப்ப நரச்சிச்சுன்னு எனக்குத் தெரியல. கேட்டேன். அவருக்கும் தெரியல.”

“அப்பறம்?”

“அப்பறம் வேர்க்குதான்னு கேட்டாரு. வேர்க்குதுன்னேன். அட்டைய எடுத்து விசிறுனாரு. அவ்ளோதான்லா.”

எல்ஸிக்குத் திருப்தியில்லை. எங்களுக்கும்தான்.

அடுத்த வாரமே இருவரும் புறப்பட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பொட்டு இப்போது முன்கண்ணாடிக்கு மட்டும் என்று தினேஸ்வரி சட்டம் போட்டிருந்தாள். கோல பெர்லிஸில் இட்லி சுட்ட படம் வந்தது. கிளந்தானில் வெள்ளம் என்று நாங்கள் பயந்தபோது, அவர்கள் ஒரு பள்ளிக்கூடத் திடலில் நின்றுகொண்டு யாருக்கோ கோப்பி கலக்கிக் கொடுத்ததாகச் சேதி வந்தது.

தினேஸ்வரி, கூட வேலை செய்கிற கோகிலனைக் கட்டிக்கொண்டு தஞ்சோங் மாலிமிலேயே வீடு பார்த்துப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு வந்த சதாசிவமும் கலாதேவியும் சொந்தபந்தத்துக்கு வீட்டை விட்டுவிட்டு வாசலில் வேனில் படுத்தார்கள். விருந்து மிச்சம் தீர்வதற்குள் கிளம்பியும் விட்டார்கள்.

நாட்டைச் சுற்றியது போதும் என்று ஆனபோது, பாகான் டத்தோ பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை சதாசிவத்துக்குக் கிடைத்தது. தோப்புக்காரர் தங்குவதற்கு நல்ல பலகை வீடே கொடுத்தார். அதில் தேங்காய்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேனின் டயர் மண்ணில் புதைந்து, பக்கத்தில் கத்திரிச்செடி முளைத்துவிட்டது. அதில்தான் இருக்கிறார்கள். இங்கே இருந்த வீட்டை மந்தினில் இருந்து மாற்றலாகி வந்த ஒரு வாத்தியார் வாங்கினார். நாள் முழுக்க ஏர்கோன், ஜன்னலைத் திறப்பதே இல்லை.

எல்ஸி ஒரு தடவை பாகான் டத்தோ போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தோப்புக்குள் கார் நுழையும்போதே இருவர் குரலும் கேட்டதாம். தேங்காயைத் தண்ணீரில் போட்டால் மிதக்கிற பக்கம் எது என்பதில் சண்டை. இவள் போய் இறங்கி, மீன் சாப்பிட்டு, கைகழுவி, ஏறி வருகிற வரைக்கும் அது முடியவில்லையாம்.

அதுதான் கடைசியாகக் கிடைத்த சேதி. தீபாவளிக்குப் பிறகு அலெக்சாண்டரும் எல்ஸியும் மெங்லெம்புவில் மகன் கிளென் வீட்டோடு போய்விட்டார்கள், இனி சேதி கொண்டுவர ஆள் இல்லை.